முனியாண்டியின் நெற்றிக்காசு

மலேசியாவில், கெடா மாநிலத்து லூனாஸ் பக்கம் ஒரு சாவு விழுந்தால், பூமாலை வருவதற்கு முன்னால் அபிப்பிராயம் வந்துவிடும். முனியாண்டி இறந்த அன்றும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றது. எட்டு மணிக்குக் கூடாரம் போடுகிறவர்கள் லாரியோடு வந்தார்கள். ஒன்பது மணிக்குள், மருமகள் சரியாக அழவில்லை என்று தாமான் குடியிருப்பின் மூன்று சந்துகளிலும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மருமகள் காஞ்சனாவுக்கு அழ நேரமில்லை, அவ்வளவுதான். கூலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருப்பவள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டையைத் தேடிப் பிடிப்பது அவள் பிழைப்பு. புருஷன் குணாளன் வாசலில் உட்கார்ந்து, வந்தவர் தோளிலெல்லாம் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் அந்த அளவுக்கு அழுதால், பெட்டிக்கும் பூவுக்கும் வந்தவர்களின் சாப்பாட்டுக்கும் இன்னொருவர் ஃபோன் போட்டுத்தானே ஆகவேண்டும்?

பதினொரு மணி வாக்கில் சிக்கல் வந்தது. பெரியவரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனத்தை வட்டமாக அப்பிவிட்டு, காரியம் செய்ய வந்த அழகேசன் திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டினார்.

"நெத்திக்கு ஒரு வெள்ளிக் காசு குடுங்க."

கூடத்தில் இருந்த இருபது பேரும் பையைத் தடவினார்கள். ஒருவரிடமும் இல்லை. எப்படி இருக்கும்? ரிங்கிட்டை நாம் இன்னமும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஒரு வெள்ளி என்றால் இன்றைக்கு நோட்டுதான், காசு கிடையாது. முன்பு தங்க நிறத்தில், கிரிஸ் கத்தி போட்டு ஒரு வெள்ளிக் காசு இருந்தது. கள்ளக்காசு பெருகிவிட்டது என்று 2005 கடைசியில் அரசாங்கம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. நாட்டின் பணத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். நம் சாவு வீடுகளைப் பற்றி யார் யோசித்தார்கள்?

"அம்பது காசு ரெண்டு வச்சிருங்கலா," என்றார் ஒருவர்.

"ரெண்டு வச்சா, துணைக்கு இன்னொரு ஆளக் கூப்பிடுறாருன்னு அர்த்தம். நீங்க போறீங்களா சித்தப்பா?"

"அப்ப நோட்டை மடிச்சு ஒட்டு."

"அது பிளாஸ்டிக். சந்தனத்துல எப்படிலா ஒட்டும்?"

காஞ்சனா ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் அவருடைய ஆல்பம் இருந்தது.

இந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முனியாண்டி பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த 1967-இல்தான் நாட்டுக்குப் புதுப் பணம் வந்தது. பழைய நோட்டும் புது நோட்டும் கொஞ்ச நாள் ஒரே பையில் கிடந்தன. நவம்பரில் பிரிட்டிஷ்காரன் தன் பவுண்டின் மதிப்பை இறக்கினான். பவுண்டின் வாலில் கட்டியிருந்த பழைய நோட்டும் சேர்ந்து விழுந்தது. படுக்கும்போது ஒரு வெள்ளி, எழுந்திருக்கும்போது எண்பத்தைந்து காசு. அதைப் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி அடிவாங்குவது கண்டக்டரின் வேலை. "தலகாணிக்கு அடியில வச்சப்ப ஒரு வெள்ளியாத்தான்டா இருந்துச்சு. பதினஞ்சு காசை எலி தின்னுருச்சா?" என்று ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அம்மா அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டாளாம். அவருக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கையில் வருகிற பழைய பணத்தையெல்லாம் சேர்த்து வைத்து, அதன் ஜாதகத்தைத் தேட ஆரம்பித்தார்.

சதுரமான ஒரு காசு, வாழைமரம் போட்ட ஜப்பான்காரன் நோட்டு, ராணி படம் போட்ட மலாயா நோட்டு, புதுப் பணத்தின் முதல் நோட்டு என்று பக்கம் பக்கமாக வைத்திருந்தார். ஆயிரம் வெள்ளி நோட்டுக்கு மட்டும் பேப்பரில் வெட்டிய படம். அசலை ஆல்பத்தில் தூங்க வைக்க அவருக்கு வசதி எங்கே? எல்லாவற்றுக்கும் தலைமை, முதல் பக்கத்தில் இருந்த 1903-ஆம் வருஷத்து வெள்ளி டாலர். கிரீடம் வைத்த தாடிக்கார ராஜா ஒரு பக்கம். மறுபக்கம் சீன எழுத்தும், அரபு லிபியில் மலாய் எழுதும் ஜாவி எழுத்தும். உள்ளங்கையை நிறைக்கிற காசு. அதற்குப் பக்கத்திலேயே நாலு வருஷம் கழித்து அடித்த அதே டாலர், அளவில் இளைத்துப் போய். "வெள்ளி விலை ஏறிப்போச்சுன்னதும் ராஜாவையே சின்னதாக்கிட்டானுங்க," என்று பெரியவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெரிய காசை வாங்கக் கூலிம் அடகுக்கடைச் சீனரிடம் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தவர் அவர்.

இதெல்லாம் காஞ்சனாவுக்கு மனப்பாடம். சாயங்காலம் கோப்பியைக் கொண்டுபோய் வைத்தால், டம்ளர் காலியாகும் வரை ஒரு பக்கமாவது கேட்காமல் வர முடியாது.

ஆல்பத்தைப் புரட்டினாள். தங்க நிறத்து ஒரு வெள்ளியும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். இங்கேதான் காஞ்சனாவின் மூளை கொஞ்சம் அதிகமாக வேலை செய்தது. அரசாங்கம் செல்லாது என்று சொன்ன காசு அது. மாமாவே மூன்று தடவை சொல்லியிருக்கிறார். போகிற இடத்துக்குச் செல்லாக்காசோடு ஒரு கண்டக்டரை அனுப்புவதா? தாடிக்கார ராஜாவின் காசைச் செல்லாது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. முதல் பக்கத்தைத் திறந்து, ஒரு வெள்ளி என்று எழுதியிருந்ததில் பெரியதைப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

அழகேசன் காசைச் சந்தனத்தில் அழுத்தினார். பெரியவர் முகத்தில் திடீரென்று ஒரு ராஜகளை வந்துவிட்டது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பக்கத்து வீட்டு எலைன் அக்கா ஃபோனை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். எலைன் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக்காரர். ஆனால் எந்த மதத்துச் சாவென்றாலும் ஃபேஸ்புக்கில் நேரலை போடும் உரிமை அந்தச் சந்தில் அவருக்குத்தான்.

மூன்றாம் நாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்ததும், மூத்த மகள் குணசுந்தரி ஆல்பத்தைக் கேட்டாள். சுங்கைப்பட்டாணியில் சேலைக்கடை வைத்திருப்பவள். அழுகையிலும் முந்தானை மடிப்புக் கலையாது.

"அப்பா அந்தப் பெரிய காசை எனக்குன்னு சொல்லியிருந்தாரு."

உண்மைதான். ஆனால் அதையே குணாளனுக்கும் சொல்லியிருந்தார், முடி வெட்டுகிற சீனருக்கும் சொல்லியிருந்தார். அந்தக் காசைத் தருவதாகச் சொல்லியே ஆளுக்கொரு தடவை கோப்பி வாங்கிக் குடித்தவர் முனியாண்டி.

முதல் பக்கம் திறந்தது. இளைத்த ராஜா இருந்தார். கொழுத்த ராஜா இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை.

"அது மாமா நெத்தியில வச்சது அண்ணி," என்றாள் காஞ்சனா. "வேற காசு கிடைக்கல. எல்லாருந்தான் பார்த்தீங்களே."

"பார்த்தேன். நெத்தியில பார்த்தேன். எரிக்கிற மிஷின்ல வைக்கிறப்ப இரும்பு, காசு ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு அந்த ஆளு எல்லாத்தையும் எடுக்கச் சொன்னானே. அப்ப எடுத்தது எங்க?"

காஞ்சனா குணாளனைப் பார்த்தாள். குணாளன் கூரையைப் பார்த்தான். "நான் அழுதுட்டு இருந்தேன்," என்றான். அதற்குச் சாட்சி ஊரே இருந்தது.

குணசுந்தரி வீட்டுக்குப் போய், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டாள். நாற்பத்துமூன்று பேர் உள்ள குழு. 'யாரையும் குத்திச் சொல்லல. ஆனா செத்த மனுசன் நெத்திக்காசைக் கூட விட்டு வைக்காத ஆளு நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்குறப்ப, நான் யாருகிட்ட போய்ச் சொல்லி அழுவுறது?' பன்னிரண்டு பேர் அழுகிற பொம்மை போட்டார்கள். நாலு பேர் கும்பிட்டார்கள். 'யாரு?' என்று கேட்டது ஒரே ஒருவர்தான், அவரும் லண்டனில் இருப்பவர்.

நம் பாஷையில் திருடர்களுக்குப் பல படிகள் உண்டு. கோழி திருடியவனுக்குக்கூடப் பெண் கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் படிக்கும் கீழே, சாக்கடைக்குப் பக்கத்தில் இருப்பது நெற்றிக்காசைத் திருடுகிறவன் படி. மறுநாள் காலை காஞ்சனா பசியாற ரொட்டி சானாய் வாங்கப் போனபோது, வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற இருவர் பேச்சை நிறுத்தினார்கள். தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தான் மேசை மேல் வைத்திருந்த மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். வேண்டுமென்று செய்தாளோ, தற்செயலோ.

அன்று மாலை புருஷனிடம் சொன்னாள். "பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால அந்தக் காசு எங்கன்னு நான் காட்டுவேன். காட்டிட்டு, உங்க அக்கா எந்தக் குழுவுல சொன்னாங்களோ அதே குழுவுல, அதே வாயால, நான் எடுக்கலன்னு சொல்லணும்."

"விடு காஞ்சனா. அக்கா குணம் தெரிஞ்சதுதானே. ரெண்டு மாசத்துல மறந்துரும்."

"அவங்க மறப்பாங்க. ஊரு மறக்காது. என் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வர்றவன்கிட்ட முதல்ல இதத்தான் சொல்லுவாங்க."

குணாளனுக்குக் கண் கலங்கியது. அவள் எழுந்து எலைன் அக்கா வீட்டுக்குப் போனாள்.

நேரலை மூன்று மணி நேரம் நாற்பது நிமிஷம். எலைன் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதில் பாதி நேரம் தன் கட்டைவிரல்தான் தெரிகிறது என்பதற்கு மன்னிப்பும் கேட்டார். காஞ்சனா கையுறையை வெளிச்சத்தில் பிடிப்பதுபோல் ஃபோனைப் பிடித்து, ஒவ்வொரு நொடியாக நகர்த்தினாள். வீட்டில் காசு இருந்தது. வண்டியில் ஏற்றும்போது இருந்தது. சுடலை மண்டபத்தில் வாய்க்கரிசி போடும்போது இருந்தது. அப்புறம் ஒரு கை நீண்டு அரிசியைத் துடைத்தது. கை விலகியபோது நெற்றியில் சந்தன வட்டம் மட்டும், நடுவில் ராஜா இருந்த பள்ளத்தோடு.

"இருங்க அக்கா, மறுபடியும் ஓட்டுறேன்."

கையில் பச்சை நிற ரப்பர் கடிகாரம். சுட்டு விரலில் பவளம்.

"ஐயோ ஏசுவே," என்றார் எலைன். "அது அழகேசனோட கைதான்லா!"

அழகேசன் வீடு புக்கிட் செலம்பாவில், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. காஞ்சனா சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். அழகேசன் வாசலில் உட்கார்ந்து சங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கடிகாரம் கையிலேயே இருந்தது. ஒளிக்கிற ஆள் இல்லை.

"ஆமா தங்கச்சி, நான்தான் எடுத்தேன்," என்றார், மழை பெய்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "நெத்திக்காசு காரியம் செய்றவனுக்குத்தானே? தோட்டத்துக் காலத்துல இருந்து அதான் வழக்கம். அந்தக் காலத்துல குழி வெட்டுறவங்க எடுத்துக்குவாங்க. இப்ப குழிய மிஷின் வெட்டுது. மிஷினுக்குக் காசு எதுக்கு?"

"அண்ணே, அது என்ன காசுன்னு தெரியுமா?"

"ஒரு வெள்ளிக் காசு. அவ்வளவுதான் எனக்கு வேணும். நீங்க என்ன நெனச்சீங்க, கொண்டுபோய் வித்துட்டேன்னா?" அழகேசனுக்குக் கோபம் வந்தது. "என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. பழைய தங்கக் கலரு ஒரு வெள்ளிக் காசு ஒண்ணு வச்சு இருபது வருஷமா ஓட்டுனேன். வீட்டுல காசு இல்லன்னா பையில இருந்து எடுத்து வைப்பேன், முடிஞ்சதும் கழுவிப் பைக்குள்ள போட்டுக்குவேன். எத்தன நெத்தி பார்த்த காசு தெரியுமா அது! போன தைப்பூசத்துக்கு முன்னால ஒரு வீட்டுல மகன் அழுதுகிட்டே பெட்டிய மூடிட்டான். போச்சு. நாலு மாசமா வீட்டுக்கு வீடு பிச்சை எடுக்கிறேன், ஒரு வெள்ளிக் காசு, ஒரு வெள்ளிக் காசுன்னு. அப்பத்தான் உங்க மாமனாரு நெத்தியில அத்தாம் பெருசா ஒண்ணு. கடவுள் குடுத்ததுன்னு நெனச்சேன்."

காஞ்சனாவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாமல் கெடா மாநிலத்துப் பிணங்களுக்கெல்லாம் ஒரே காசு முறைவைத்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, கண்டக்டரோடு ஓடுகிற டவுன் பஸ் மாதிரி.

"சரி அண்ணே. இப்ப அது பையில இருக்கா?"

அழகேசன் சங்கைக் கீழே வைத்தார். முதல் தடவையாக முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அங்கதான் தங்கச்சி தப்பாயிருச்சு. மறுநாளே பெண்டாங்குல ஒரு அம்மா தவறிட்டாங்க. மளிகைக்கடை பரஞ்சோதியோட அம்மா, அழகம்மா. அங்கேயும் காசு இல்ல. நம்ம காசை வச்சேன். அவங்க புதைக்கிறவங்க. பெட்டி மூடுற நேரத்துல நான் எடுக்கக் குனியுறேன், அந்த மகன் முந்திக்கிட்டாரு. நெத்திக்காசை வீட்டுல சாமி மாடத்துல வைக்கிறது அவங்க வழக்கமாம். கண்ணுல ஒத்திக்கிட்டு, சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அழுவுற மனுசன் பையில கைய விட்டா எடுக்க முடியும்?"

"இது உங்க காசு இல்ல, வேற வீட்டுதுன்னு சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? வேற பொணத்து மேல இருந்ததுன்னு சொன்னா என்னையும் சேர்த்துல்ல புதைச்சிருப்பாங்க!"

ஞாயிற்றுக்கிழமை குணாளன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, காஞ்சனா காடியில் பெண்டாங்குக்குப் போனாள். வழி நெடுக வயல். குணாளன், "அவங்க துக்கத்துல இருக்காங்க, நாம போய்..." என்று நாலு தடவை ஆரம்பித்தான். நாலு தடவையும் அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

பரஞ்சோதிக்கு அறுபது வயது இருக்கும். கடையைப் பாதி திறந்து வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அழகேசனின் ஏழு தலைமுறையையும் அழைத்து ஆசீர்வாதம் செய்தார். அரிசி வாங்க வந்த மலாய்க்கார அம்மா ஒருவர் பயந்து, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

"என் அம்மா நெத்தியில, இன்னொருத்தர் நெத்தியில இருந்ததையா வச்சான்!"

"அதுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணே. எங்க மாமாவும் பெரிய மனுஷன்தான். வேற மாதிரி நெனைக்காதீங்க."

பரஞ்சோதி கல்லாவைப் பூட்டினார். பிறகு கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அழைத்துப்போனார். சாமி மாடத்தில் அழகம்மாவின் படம். படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டு. தட்டில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தாடிக்கார ராஜா படுத்திருந்தார். நூற்றிருபது வருஷத்தில் அவருக்கு யாரும் பொட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

"பார்த்துக்கங்க. ஆனா குடுக்க மாட்டேன்மா." பரஞ்சோதியின் குரல் இறங்கிப்போயிருந்தது. "எங்கம்மா தோட்டத்து லயத்துல பொறந்தவ. ஜப்பான்காரன் காலத்துல வாழைமர நோட்டு, அப்புறம் ராணி நோட்டு, அப்புறம் நம்ம நோட்டு. அவ கைக்கு வந்ததெல்லாம் காகிதம், அதுவும் வந்த வேகத்துல போயிரும். வெள்ளியில ஒரு காசு அவளத் தொட்டது நெத்தியிலதான். அத எடுத்துக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?"

காஞ்சனா ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மாடத்தில் ஃபோனை நீட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். குணாளன் அவள் முழங்கையைத் தொட்டான். "கிளம்பலாம் காஞ்சனா. நமக்குத் தெரிஞ்சா போதாதா?"

"போதாது," என்றாள் அவள். பரஞ்சோதி பக்கம் திரும்பினாள். "அண்ணே, காசு இங்கேயே இருக்கட்டும். நான் கேட்கல. ஒரே ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து காட்டுறேன். அதுக்கு மட்டும் சம்மதம் குடுங்க. இந்தக் காசால என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க."

பரஞ்சோதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொன்னது?"

"இவரு அக்கா."

"அட." அவருக்கும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும். "புதன்கிழமை கூட்டிட்டு வா."

குணசுந்தரியை வரவழைப்பது எப்படி என்று குணாளன் தலையைப் பிய்த்துக்கொண்டான். காஞ்சனா ஃபோனில் ஒரே வரி சொன்னாள். "அண்ணி, காசு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருச்சு. நீங்க நேர்ல வந்தாத்தான் பேச முடியும்." இதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. புதன்கிழமை காலை ஏழரைக்கே குணசுந்தரி, கடையைப் பூட்டிவிட்டு, காசு வைக்க ஒரு வெல்வெட் பையோடு காத்திருந்தாள்.

வழியில் எல்லாவற்றையும் காஞ்சனா சொன்னாள். நேரலை, பச்சைக் கடிகாரம், பெண்டாங். குணசுந்தரி நம்பவில்லை. "கதை நல்லா இருக்கு," என்றாள். "பார்ப்போம்."

மாடத்துக்கு முன்னால் நின்றதும் குணசுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இளைத்த ராஜாவையும் கொழுத்த ராஜாவையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் அவள். கண்டக்டர் மகள் அல்லவா! குனிந்து பார்த்தாள். வருஷத்தைப் பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் இருந்த கீறலைப் பார்த்தாள்.

"அப்பா காசுதான்," என்றாள். உடனே, வியாபாரிக் குரலில், "அண்ணே, இது எங்க குடும்பச் சொத்து," என்று ஆரம்பித்தாள். அப்பா சைக்கிளைக் கொடுத்து வாங்கியதைச் சொன்னாள். எனக்கென்று சொன்னதைச் சொன்னாள். சட்டப்படி என்ற சொல்லும் ஒரு தடவை வந்து போனது. பரஞ்சோதி கேட்டுக்கொண்டே நின்றார்.

கடைசியில் பரஞ்சோதி அம்மா படத்தைக் கும்பிட்டார். தட்டில் இருந்த காசை எடுத்தார். மஞ்சள் விரலில் ஒட்டியது.

"இவ்வளவு சொல்றீங்க. எடுத்துக்கங்க. எங்கம்மா அடுத்த வீட்டுச் சொத்தை என்னிக்கும் தொட்டதில்ல." கையை நீட்டினார். "ஒண்ணு மட்டும். பெட்டி மூடுறவரைக்கும் அவ நெத்தியில இருந்தது. ரெண்டு நாள் வச்சிருந்தோம் அவள, பினாங்குல இருந்து தங்கச்சி வரணும்னு. அதையும் சேர்த்துத்தான் குடுக்கிறேன்."

குணசுந்தரியின் கை பாதி தூரம் போயிருந்தது. வெல்வெட் பை வாயைத் திறந்து காத்திருந்தது. கை அங்கேயே நின்றது.

அப்பா நெற்றியில் இருந்தது வேறு. அப்பா நம்முடையவர். இது முகம் தெரியாத ஒரு அம்மா. எப்படி இறந்தாளோ, என்ன ஆசை பாக்கி வைத்துப் போனாளோ. நாளைக்குச் சேலைக்கடை அலமாரியில் இதை வைத்துவிட்டு எப்படித் தனியாகக் கடையைத் திறப்பது? அந்த ஓட்டமெல்லாம் குணசுந்தரி முகத்தில் பேனரில் எழுதின மாதிரி ஓடியது. பின்னால் நின்ற குணாளன்கூடப் படித்துவிட்டான்.

"இல்ல... பரவால்ல," என்றாள் குணசுந்தரி. கை மெல்லப் பின்னுக்கு வந்து முந்தானையில் துடைத்துக்கொண்டது. இன்னும் எதையும் தொடாத கை. "நீங்க வச்சிருங்க. அப்பாவுக்கும் அதான் பிடிக்கும்."

"நெசமாவா?"

"நெசமாலா அண்ணே. நல்ல எடத்துல இருக்கு."

பரஞ்சோதி காசைத் தட்டில் திரும்ப வைத்து, மூன்று பேருக்கும் கோப்பி சொல்லிவிட்டு வருகிறேன் என்று கடைப்பக்கம் போனார். குணசுந்தரி பையை மடித்து உள்ளே வைத்தாள். "சரி, கிளம்பலாமா? வெயில் ஏறுது."

காஞ்சனா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். தடுப்பதாகத் தெரியவில்லை. அறை சின்னது, வேறு வழியும் கிடையாது, அவ்வளவுதான்.

"அண்ணி, ஃபோனை எடுங்க."

"எதுக்கு?"

"குழுவுல சொன்னீங்கல்ல. அதே குழுவுல சொல்லுங்க."

"பதினாறுக்கு எல்லாரும் வருவாங்கதானே. அப்ப வாயாலயே சொல்லிர்றேன்."

"அப்ப சோறு பரிமாறுற சத்தத்துல யாருக்குக் கேட்கும்? நாற்பத்துமூணு பேருக்கும் காதுக்குள்ள போட்டீங்க. அதே மாதிரி போடுங்க."

குணசுந்தரி தம்பியைப் பார்த்தாள். குணாளன் வழக்கம்போலக் கூரையைப் பார்க்கப் போனான். என்ன நினைத்தானோ, பாதியில் நிறுத்தி அக்காவையே பார்த்தான். "போடுக்கா," என்றான். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவன் அக்காவிடம் சொன்ன மிக நீளமான எதிர்ப்பு அது.

குணசுந்தரி ஃபோனை வாயருகே கொண்டுபோனாள். "எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட காசு விஷயம். கடவுள் கிருபையால கிடைச்சிருச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சது."

"அனுப்பாதீங்க," என்றாள் காஞ்சனா. "இதுல நான் எங்க இருக்கேன்? நான் எடுத்துட்டு, பயந்து திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கு. அழிச்சிட்டு மறுபடி சொல்லுங்க."

குணசுந்தரியின் காது சிவந்தது. இரண்டாவது தடவை: "அப்பாவோட காசை நம்ம வீட்டு ஆளு யாரும் எடுக்கல. தவறுதலா வேற எடத்துக்குப் போயிருச்சு."

"யாருமின்னா யாரு? அன்னிக்கு 'குத்திச் சொல்லல'ன்னு சொல்லித்தான் என்னக் குத்துனீங்க. இன்னிக்குப் பேரச் சொல்லி, குத்துன முள்ள எடுங்க."

"என்னடி இது, கோர்ட்டா?"

"இல்ல அண்ணி. கோர்ட்டுன்னா இவ்வளவு நேரம் நிக்க மாட்டேன். வக்கீல் நிப்பாரு."

கடைப்பக்கம் கோப்பி டம்ளர் சத்தம் நெருங்கி வந்தது. பரஞ்சோதி தட்டோடு வாசற்படியில் நின்று, உள்ளே நடப்பதைக் கண்டு, போகவும் மனமில்லாமல் வரவும் மனமில்லாமல் அப்படியே நின்றுவிட்டார். அன்னியர் முன்னால் முகம் கோணுவது குணசுந்தரிக்குப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினாள்.

"நான் குணசுந்தரி பேசுறேன். அன்னிக்கு நெத்திக்காசு விஷயமா நான் சொன்னது தப்பு. காஞ்சனா எடுக்கல. காசு பெண்டாங்குல இருக்கு. என் கண்ணால பார்த்தேன். காஞ்சனாதான் தேடிக் கண்டுபிடிச்சா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிக் காஞ்சனா கேட்கவில்லை. அது குணசுந்தரியே சேர்த்தது. ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

விரல் அம்புக்குறிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. காஞ்சனா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பிய பிறகுதான் கதவை விட்டு நகர்ந்து, பரஞ்சோதியின் கையிலிருந்த தட்டை வாங்கினாள்.

"கோப்பி ஆறிரும்," என்றாள். "முதல்ல நீங்க எடுத்துக்கங்க அண்ணி."